பித்தளையில் ஒரு ஸ்லிங்ஷாட்: பழைய டிராக் ரேஸ் காரின் 1/8 மாதிரியை முதலிலிருந்து செய்ய ஒரு வழிகாட்டி

கடையில் வாங்கும் கிட் கிடையாது. பித்தளைக் குழாய், அலுமினியத் தகடு, பற்றாசு, அரம், அப்புறம் நிறைய ஞாயிற்றுக்கிழமைகள். இவற்றை மட்டும் வைத்து 1962-ஆம் வருட அமெரிக்க டிராக் ரேஸ் கார் ஒன்றின் மாதிரியைச் செய்து முடிக்க எனக்கு 19 மாதம் ஆனது. அதில் ஆறு மாதம் வீண். இரண்டு சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, செய்து முடித்த பிறகு தூக்கிப் போட்டேன். ஒன்று அளவு தப்பு, இன்னொன்று சூட்டில் கோணிப்போனது. அந்த ஆறு மாதம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்லிங்ஷாட் என்றால் கவண். டிராக் ரேஸில் அது, இன்ஜின் முன்னால், ஓட்டுநர் பின் அச்சுக்கும் பின்னால் உட்காரும் வகை. கவண் கல் இருக்கும் இடத்தில் மனிதன் இருப்பான். கால் மைல் நேர்ப்பாதையில் ஓட்டுவதற்கு மட்டுமே கட்டிய வண்டி என்பதால் மறைத்து வைக்க எதுவும் இல்லை. குழாய், இன்ஜின், சக்கரம் எல்லாம் வெளியிலேயே தெரியும். உலோகத்தில் செய்ய இதைவிட நல்ல வண்டி இல்லை. தப்பு செய்தால் மறைக்கவும் இடமில்லை.

1. வண்டியை மட்டுமல்ல, தேதியையும் முடிவு செய்யுங்கள்

நான் எடுத்தது கிரீர்-பிளாக்-ப்ருதோம் வண்டி. டாமி கிரீர் உரிமையாளர், கீத் பிளாக் இன்ஜின், டான் ப்ருதோம் ஓட்டுநர், சேஸிஸ் கென்ட் ஃபுல்லர் கட்டியது. நீங்கள் வேறு வண்டி எடுக்கலாம். ஆனால் எதை எடுத்தாலும் "இந்த வண்டி, இந்தப் பந்தய நாளில் இருந்தபடி" என்று ஒரு நோட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

காரணம், ரேஸ் கார் ஒரு மாதம் போல இன்னொரு மாதம் இருக்காது. இந்த வாரம் ஒரு இன்ஜெக்டர், அடுத்த வாரம் வேறு. புகைக்குழாய் மாறும், முன் சக்கரம் மாறும், பெயர் எழுத்தும் மாறும். 60-களின் தொடக்கத்தில் பல வண்டிகளில் புகைக்குழாய் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மேல்நோக்கி வளைந்த 'ஸூமி' குழாய்கள் பரவலானது சில வருடம் கழித்துத்தான். இரண்டு காலத்துப் படங்களைக் கலந்து செய்தால், எந்த நாளிலும் இல்லாத ஒரு வண்டி உங்கள் மேசையில் நிற்கும்.

இன்னொரு பொறி, புதுப்பித்த வண்டிகளின் படங்கள். தெளிவாக, வண்ணத்தில், நாலா பக்கமும் கிடைக்கும். ஆனால் புதுப்பிக்கும்போது போல்ட், ஹோஸ், பெயின்ட் எல்லாம் மாறியிருக்கலாம். வடிவத்தைப் புரிந்துகொள்ள அவற்றைப் பாருங்கள். அளவுக்கும் விவரத்துக்கும் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களை நம்புங்கள்.

2. ஆவணக் கோப்பு: உலோகத்தைத் தொடும் முன் இரண்டு மாதம்

கோப்பில் குறைந்தது இவை இருக்க வேண்டும்: நேர் பக்கவாட்டுப் படம் இடமும் வலமும், முன்னால், பின்னால், இன்ஜின் இரண்டு பக்கமும், ஓட்டுநர் இருக்கை மேலிருந்து. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, இடம். தேதி தெரியாத படத்தைத் தனி உறையில் போடுங்கள். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்களின் தொகுப்பிலிருந்து சொந்த உபயோகத்துக்குப் பிரதி வாங்கலாம். பெரிய டிஜிட்டல் கோப்பாகக் கேளுங்கள். சின்னப் படத்தில் போல்ட் தலை தெரியாது.

இந்த வகை வண்டிகள் ஃப்ளோரிடாவின் ஒகாலாவில் இருக்கும் டான் கார்லிட்ஸ் அருங்காட்சியகத்திலும், கலிஃபோர்னியாவின் போமோனாவில் இருக்கும் வாலி பார்க்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. உறவினரோ நண்பரோ அந்தப் பக்கம் போனால், எந்தெந்தக் கோணம் வேண்டும் என்று வரைந்து கொடுத்து அனுப்புங்கள். "கொஞ்சம் படம் எடுத்து வாங்க" என்றால் வண்டியின் முன் அவர் நிற்கும் செல்ஃபிதான் வரும்.

இப்போது முக்கியமான விஷயம். வரைபடம் கிடைக்காத வண்டிக்கு அளவு எப்படி எடுப்பது? என் முதல் சேஸிஸ் வீணானது இங்கேதான். பின் டயரின் விட்டத்தை வைத்து மற்றதைக் கணக்குப் போட்டேன். அது தப்பு. ரேஸ் டயர் காற்றழுத்தத்தைப் பொறுத்து உட்காரும், தேயும், வேகத்தில் விரியும்.

இன்ஜினை அளவுகோலாக எடுங்கள். வண்டியில் இருப்பது கிரைஸ்லர் 392 ஹெமி, 392 கன அங்குலமுள்ள எட்டு சிலிண்டர் இன்ஜின், வரிசைக்கு நான்காக. அதன் சிலிண்டர் நடுவிலிருந்து அடுத்த சிலிண்டர் நடுவுக்கு 4.5625 அங்குலம். இது தொழிற்சாலை அளவு, எந்த மெக்கானிக்காலும் மாற்ற முடியாது. ஹெமியில் ஸ்பார்க் பிளக்குகள் வால்வ் கவரின் நடுவில் வரிசையாக நான்கு குழிகளில் வெளியில் தெரியும். முதல் பிளக்கிலிருந்து நான்காவது பிளக் வரை மூன்று இடைவெளி, அதாவது 13.69 அங்குலம், 347.7 மி.மீ.

உங்கள் பக்கவாட்டுப் படத்தில் அந்தத் தூரம் 29 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 347.7-ஐ 29-ஆல் வகுத்தால் 12. படத்தில் 1 மி.மீ. என்றால் நிஜத்தில் 12 மி.மீ., 1/8 மாதிரியில் 1.5 மி.மீ. இனி அந்தப் படத்தில் நேரே தெரியும் எதையும் அளக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும்; பின் டயர் வால்வ் கவரைவிட வெளியே துருத்தி நிற்பதால் அதன் அளவு கூடுதலாகவே வரும். ஆகவே கிட்ட நின்று எடுத்த படத்தைவிட, பார்வையாளர் வரிசையிலிருந்து தொலைவு லென்ஸில் எடுத்த படம் நல்லது. அடுத்தது, ஒரே படத்தை நம்ப வேண்டாம். மூன்று படத்தில் அளந்து, மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் நோட்டில் மையால் எழுதுங்கள். அதுவரை பென்சில்.

3. ஏன் 1/8?

1/25-இல் கிட்கள் உண்டு, ஆனால் அந்த அளவில் உலோகத்தில் போல்ட் போடுவது வாட்ச் ரிப்பேர் வேலை. 1/8-க்கு ஒரு அருமையான வசதி இருக்கிறது. கே அண்ட் எஸ் நிறுவனத்தின் பித்தளைக் குழாய்கள் 1/32 அங்குலப் படிகளில் வருகின்றன. நிஜ வண்டியின் ஒவ்வொரு கால் அங்குலமும் மாதிரியில் சரியாக 1/32 அங்குலம். 1½ அங்குலக் குழாய்க்கு 3/16, 1 அங்குலத்துக்கு 1/8, முக்கால் அங்குலத்துக்கு 3/32. குழாயைக் கடைந்து குறைக்க வேண்டியதே இல்லை.

போல்ட்டும் அப்படித்தான். நிஜத்தில் 3/8 அங்குல போல்ட் 1/8-இல் 1.19 மி.மீ. எம் 1.2 திருகு, அதாவது 1.2 மி.மீ. விட்டமுள்ளது, கிட்டத்தட்ட அதே அளவு.

4. சாமான் தருவிப்பது: ஒரே முறை, சரியான காகிதத்தோடு

முதல் பொறி நீளம். இந்தக் குழாய்கள் சாதாரணமாக 12 அங்குல நீளத்தில் வரும். 1/8-இல் அது நிஜத்தின் 96 அங்குலத்துக்குத்தான் ஈடு. ஸ்லிங்ஷாட்டின் முதன்மைக் குழாய் அதைவிட நீளம். 36 அங்குல நீளத்தில் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நடுவில் ஒட்டுப்போட வேண்டிவரும். ஒட்டு எப்போதும் தெரியும்.

இரண்டாவது, சுங்கம். வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரும்போது அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதார் அல்லது பான் நகல், விற்பனை ரசீது, பணம் கட்டிய சான்று மூன்றையும் முன்பே ஒரே கோப்பில் வைத்திருங்கள். என் பார்சல் மூன்று வாரம் நின்றுபோனது, ரசீதில் விற்றவர் "உலோக உதிரி பாகங்கள்" என்று மட்டும் எழுதியிருந்ததால். "பொம்மைக் கார் மாதிரி செய்யும் பொழுதுபோக்குக்கான பித்தளைக் குழாய், இத்தனை எண்ணிக்கை, இத்தனை நீளம்" என்று எழுதச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

வரி, பொருள் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். நான்கு முறை சின்னச் சின்னதாக வரவழைப்பதைவிட ஒரே முறை வாங்குவது மலிவு. எல்லா அளவிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எழுதுங்கள். கேஸ், திரவ ஃப்ளக்ஸ் (பற்றாசு ஓட உதவும் பூச்சு), பெயின்ட் போன்றவற்றை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், முழுப் பார்சலும் நிற்கும்.

மற்றதெல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். நான் கோவைக்காரன். ராஜ வீதிப் பக்கம் நகைத் தொழில் சாமான் விற்கும் கடைகளில் இழைப்பு ரம்பம், ஊசி அரம், வெண்காரம், ஊதுவிளக்கு, சாமணம் எல்லாம் ஒரே மாலையில் வாங்கினேன். நகை ஆசாரிகளிடம் அரை நாள் உட்கார்ந்து பார்த்தது நான் பார்த்த எல்லா வீடியோவையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தது.

5. சேஸிஸ்: இங்கே அவசரப்பட்டால் எல்லாம் போச்சு

வளைப்பதற்கு முன் குழாயைக் காய்ச்சி இளக்க வேண்டும். நிழலான இடத்தில், மங்கிய சிவப்பு தெரியும் வரை மட்டும். வெயிலில் செய்தால் சிவப்பு தெரியாது, அதற்குள் குழாய் உருகி உட்காரும். ஆறிய பிறகு உள்ளே நன்றாகக் காய்ந்த நுண்மணல் போட்டு, இரு பக்கமும் அடைத்து, மரத்தில் கடைந்த வட்டத்தில் மெதுவாக வளையுங்கள். மணலோடு சூடாக்கவே கூடாது. ஈரம் துளி இருந்தாலும் ஆவி அடைப்பைத் தெறிக்க வைக்கும்.

குழாயும் குழாயும் சந்திக்கும் இடத்தில் மீன் வாய் போல வெட்ட வேண்டும். சேரும் குழாயின் அதே விட்டமுள்ள உருண்டை அரத்தால் தேய்த்தால் தானாகவே அந்த வடிவம் வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். பற்றாசு இடைவெளியை அடைக்காது, இடுக்கில்தான் ஓடும்.

பற்றவைப்பது வெள்ளிப் பற்றாசால். ஈயப் பற்றாசு 190 டிகிரியில் உருகிவிடும், வேலை சுலபம், ஆனால் மெல்லிய குழாய் மூட்டு கைபட்டால் விட்டுவிடும். வெள்ளிப் பற்றாசில் உருகுநிலை வேறு வேறாக வாங்குங்கள். முதல் மூட்டுகளுக்கு 700 டிகிரிக்கு மேல் ஓடுவது, பக்கத்தில் வரும் அடுத்த மூட்டுகளுக்கு 650 பக்கம் ஓடுவது. அப்போதுதான் பழைய மூட்டு திறக்காது. வாங்கும்போது காட்மியம் இல்லாதது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நகைத் தொழிலில் நெடுநாள் புழங்கிய காட்மியப் பற்றாசின் புகை நுரையீரலைக் கெடுக்கும். எந்தப் பற்றாசானாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஒரு மூட்டு நன்றாக வருவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வெண்காரக் குழம்பைப் பூசி நெருப்பைத் தூரத்திலிருந்து காட்டினால் முதலில் அது பால் போலப் பொங்கும், அப்புறம் வெள்ளைப் பொரியாக உட்காரும், கடைசியில் கண்ணாடி போலத் தெளியும். தெளிந்ததும் இன்னும் சில நொடிதான். தடித்த குழாய்ப் பக்கம் சூட்டைக் கூட்டினால், மணி அளவு பற்றாசு சட்டென்று வெள்ளிக் கோடாக மூட்டைச் சுற்றி ஓடி மறையும். அந்த நொடியிலேயே நெருப்பை எடுத்துவிடுங்கள். பற்றாசு உருண்டையாகவே நின்றால் ஒன்று அழுக்கு, இல்லை சூடு போதவில்லை. அடித்துச் சூடாக்காதீர்கள், நிறுத்தி, கழுவி, மறுபடி ஆரம்பியுங்கள்.

என் இரண்டாவது சேஸிஸ் கோணிய கதை இது. அச்சுப் பலகையில் எல்லாக் குழாயையும் இரு முனையிலும் இறுக்கிக் கட்டினேன், ஆடக்கூடாது என்று. பித்தளை சூட்டில் நீளும். 400 மி.மீ. குழாய் முழுக்க 600 டிகிரி ஏறினால் 4 மி.மீ.க்கு மேல் நீளும். நீள இடமில்லாததால் நடுவில் வில் போல வளைந்து, ஆறியபோது அப்படியே நின்றது. ஒரு முனையை மட்டும் கட்டுங்கள். மறுமுனை வரிப்பள்ளத்தில் சறுக்கட்டும். இடம், வலம், இடம், வலம் என்று மாற்றி மாற்றி மூட்டுப் போடுங்கள்.

இன்னும் மூன்று சங்கதி. பற்றவைத்த பிறகு பித்தளை இளகிப்போயிருக்கும், ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலே வளையும். இரு கையாலும் தூக்குங்கள். சுத்தம் செய்யச் சூடான எலுமிச்சை உப்புக் கரைசல் போதும், ஆனால் இரும்புச் சாமணத்தை அதில் விட்டால் வேலை மேல் செம்பு படியும். ஈயம் பட்ட மூட்டை ஒருபோதும் வெள்ளிப் பற்றாசு வெப்பத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்; ஈயம் பித்தளையைத் தின்று ஓட்டை போடும். ஆகவே வெள்ளி வேலை முழுக்க முடிந்த பிறகே ஈயக் கம்பியை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

6. இன்ஜின்

பிளாக்கை அலுமினியக் கட்டியில் வெட்டுங்கள். இரு சிலிண்டர் வரிசைக்கும் இடையே 90 டிகிரி. லேத், மில்லிங் இல்லாதவர்கள் சின்னப் பட்டறையில் மணிக்கணக்கில் வாடகை பேசலாம். கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் ஞாயிறுகளில் நான் செய்தேன். வரைபடத்தை மி.மீ.க்கு மாற்றி எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே நின்று கணக்குப் போட்டால் வாடகை ஏறும்.

பெரிய பொறி: ஹெமி என்றால் எல்லாம் ஒன்றல்ல. 1964-இல் வந்த 426 ஹெமியின் படங்கள்தான் எங்கும் கிடைக்கும். அதில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால். 392-இல் பின்னால். நண்பர் ஒருவர் 426 படத்தைப் பார்த்து முழு இன்ஜினையும் செய்துவிட்டு, பிளக் ஒயர் மாட்டும்போதுதான் கவனித்தார்.

மேலே உட்காரும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் 6-71 சூப்பர்சார்ஜர், ஜெனரல் மோட்டார்ஸின் டீசல் இன்ஜினிலிருந்து வந்தது. 71 கன அங்குலம் வீதம் ஆறு சிலிண்டர், அதுதான் பெயர். அதன் உடம்பில் இருக்கும் விலாக் கோடுகளே அதன் முகம். கட்டியில் காடி வெட்டி, ஒவ்வொரு காடியிலும் மெல்லிய பட்டையைச் செருகி ஒட்டுவது கையால் முடியும் வழி. அதை ஓட்டும் பல் பெல்ட்டின் பல் இடைவெளி நிஜத்தில் அரை அங்குலம், 1/8-இல் 1.6 மி.மீ. 3டி பிரின்டருக்கு விற்கும் 2 மி.மீ. பெல்ட் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் பல் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். நான் அதையே போட்டேன். இன்று செய்தால் சொந்தமாக அச்செடுத்து ஊற்றுவேன்.

பிளக் ஒயர் 0.9 மி.மீ. தடிமனில் இருக்கட்டும். சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநரின் இடப்பக்கம் 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

துளைக்குள் மரை வெட்டும் எம் 1.2 டேப் உடைந்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 0.95 மி.மீ. துளை, ஒரு சொட்டு எண்ணெய், கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. களைப்பாக இருக்கும் இரவில் டேப்பைத் தொடாதீர்கள். என்னிடம் ஏழு உடைந்தன, ஏழும் இரவு பத்து மணிக்கு மேல்.

7. சக்கரம், டயர்

முன் சக்கரக் கம்பிகளுக்கு 0.41 மி.மீ. கிட்டார் கம்பி. ஈயப் பற்றாசு நன்றாகப் பிடிக்கும். ரிம்மும் நடுக் குமிழும் ஒரே மையத்தில் நிற்க ஒரு பலகை அச்சு செய்துகொண்டு, கம்பிகளை எதிரெதிராகப் போடுங்கள். எத்தனை கம்பி என்பதைப் படத்தில் எண்ணுங்கள், ஊகிக்க வேண்டாம்.

பின் டயரை லேத்தில் கடைந்து, சிலிக்கோன் அச்செடுத்து, பாலியூரித்தேன் ரப்பரில் ஊற்றலாம். இந்த ரப்பர் காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்தால் நுரைக்கும். ஐப்பசி மழையில் ஊற்றிய என் முதல் ஜோடி, வெட்டிப் பார்த்தால் இட்லி மாதிரி இருந்தது.

8. உடல் தகடு, பெயின்ட்

ஆஃப்செட் அச்சகங்களில் வேலை முடிந்து எடைக்குப் போடும் அலுமினியத் தகட்டைக் கேட்டு வாங்குங்கள். 0.3 மி.மீ. அல்லது அதற்கும் கீழே, நிஜத் தகட்டின் தடிமனுக்கு இவ்வளவு நெருக்கமாக வேறெதுவும் கிடைக்காது. இளக்குவதில் ஒரு கவனம்: அலுமினியம் சிவக்காமலேயே உருகும். குளியல் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடாக்குங்கள், சோப் கறுத்ததும் நிறுத்துங்கள். மர அச்சின் மேல் வைத்து, தோல் சுற்றிய சுத்தியலால் ஓரத்திலிருந்து உள்ளே தட்டிக்கொண்டு வாருங்கள். மூக்குப் பகுதியை ஒரே துண்டில் செய்யப் பார்க்காதீர்கள். இடம் வலம் இரண்டாகச் செய்து சேருங்கள்.

பெயின்ட் பிடிக்க எட்ச் பிரைமர், அதாவது உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு, கட்டாயம். நிறத்தைப் பழைய வண்ணப் படத்திலிருந்து நேரே எடுக்காதீர்கள், அந்த ஃபிலிம் வயதாகி நிறம் மாறியிருக்கும். அதே படத்தில் வெள்ளைச் சட்டை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து, அது எவ்வளவு மஞ்சளடித்திருக்கிறது என்பதை வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

9. செலவும் காலமும்

என் கணக்கு நோட்டில் இருப்பது: படங்கள், பிரதிகள் 5,500 ரூபாய். பித்தளைக் குழாய், தகடு, அனுப்பும் செலவு, வரி 14,200. கருவிகள் 9,800. வெள்ளிப் பற்றாசு, வெண்காரம், கேஸ் 6,400. திருகு, டேப், துளை ஊசி 8,700. டயர் ரப்பர், அச்சு 4,100. பெயின்ட், நிக்கல் முலாம் 7,300. பட்டறை வாடகை 11,000. மொத்தம் 67,000. தூக்கிப்போட்ட இரண்டு சேஸிஸும் இதில் அடக்கம். நீங்கள் ஐம்பதாயிரத்துக்குள் முடிக்கலாம்.

காலம் இப்படிப் போடுங்கள்: ஆவணம் 2 மாதம், சாமான் வர 1 மாதம், சேஸிஸ் 3, இன்ஜின் 4, சக்கரம் 1, உடலும் பெயின்ட்டும் 2. வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினால் 13 மாதம். ஆரம்பிக்கும் மாதத்தை டயரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ரப்பர் ஊற்றும் வேலை மாசியிலிருந்து சித்திரைக்குள் விழ வேண்டும். அந்தக் கணக்கில் ஆவணம் சேர்க்க நல்ல மாதம் ஆனி.